சொல்லிவிட்டுப் போன உண்ணி வேட்டை

விருந்தாளி வருகிறார் என்றால் யாராக இருந்தாலும் வீட்டைச் சுத்தம் செய்வார்கள். இது தெரியாத ஒருவன் முனைவர் பட்டம் வாங்க அலைந்தான். அவன் நான்தான்.

என் ஆராய்ச்சி மாட்டு உண்ணியைப் பற்றியது. இரத்தத்தில் சர்க்கரை சொற்பம். அந்தச் சொற்பத்தையும் உண்ணி விடாமல் குடல் வழியாக இழுத்து, கொஞ்சத்தைச் செலவழித்து, மீதியைச் சேமித்துக்கொள்கிறது. (என்னைவிடக் கெட்டிக்காரப் பிராணி.) எப்படி இழுக்கிறது என்று பார்க்க, இரத்தம் குடித்து உப்பிய இருபது உண்ணிகள் உயிரோடு வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொண்டுபோகாவிட்டால் ஆய்வகக் கருவி வேறொருவர் கைக்குப் போய்விடும். எனக்கு ஒரு வருடம் வீண்.

ஜவ்வாது மலையில் பச்சையம்மா என்பவரின் நான்கு மாடுகளிலும் உண்ணிக்குப் பஞ்சமில்லை என்று கேள்விப்பட்டேன். நானோ நாகரிகம் தெரிந்தவன். இரண்டு நாள் முன்னதாகவே போன் செய்து, "காலேஜ்லேர்ந்து வர்றேங்க, உங்க மாட்டு மேல உண்ணி பாக்கணும்" என்று சொல்லிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரில் பஸ் பிடித்துப் போனால், மாடுகள் மஞ்சளும் குங்குமமும் வேப்பெண்ணெய் மினுமினுப்புமாகக் கல்யாணப் பெண்கள் மாதிரி நிற்கின்றன.

"ஒண்ணு இருந்தா காட்டுங்க சார்" என்றார் பச்சையம்மா பெருமையாக. "ரெண்டு நாளா நானும் வூட்டுக்காரரும் குந்திக்கினு பொறுக்கி நெருப்புல போட்டோம். ஆபீசர் பாத்தா இன்னா நெனப்பாரு?"

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"எனக்கு அந்த உண்ணிதாங்க வேணும்."

பச்சையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கணும்னுதான் சொன்னீங்க. வேணும்னு சொல்லலியே."

பாவப்பட்டு, வெல்லம் போட்ட சாமைப் பாயசம் கொடுத்தார். துக்கத்திலும் இரண்டு டம்ளர் குடித்தேன். பிறகு மாட்டுக் கொட்டகையில் மண்டியிட்டு, காது காதாக, வால் வாலாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. காலி பாட்டிலோடு மலை இறங்கினேன்.

திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வந்தேன். "இன்னாங்க இது, இடுப்புல மரு மாதிரி?" என்றாள் மனைவி. மரு கால்களை ஆட்டியது. மாட்டைச் சுத்தம் செய்தவர்கள் கொட்டகையை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அதைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு ஓடினேன். "மீதி பத்தொன்பது?" என்றார் பேராசிரியர். கருவி கை மாறியது. ஆனாலும் வந்த உண்ணியை ஆய்வகப் பதிவேட்டில் பதிய வேண்டுமே. யார் இரத்தம் என்ற இடத்தில் 'மாடு' என்று எழுதப் போனேன். "பொய் எழுதாதே" என்றார். என் பெயரை எழுதினேன்.

மறு வருடம் சொல்லாமல் போனேன். உண்ணியும் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் காப்பிக்கு இன்னொரு ஸ்பூன் சர்க்கரை கேட்டால், மனைவி ஸ்பூனை டப்பாவிலேயே நிறுத்திவிட்டுக் கேட்பாள்:

"உங்களுக்கா, உண்ணிக்கா?"