பிரஷர் அண்ணன் பக்கெட்டில் ஏறிய நாள்

உலகத்தைப் படைத்த கடவுள் கடைசி நேரத்தில் ஆயில் ஊற்ற மறந்துவிட்டார்; அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் தன்னை உத்தமபாளையத்துக்கு அனுப்பிவைத்தார். இப்படி மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் பிரஷர் அண்ணன்தான்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாளுக்குப் புருஷன் பெயரைச் சொல்லும் பழக்கம் இல்லாததால் ஊருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒருமுறை டாக்டர் அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பிரஷர் அதிகமா இருக்கு" என்று கவலையோடு சொன்னாராம். "இருக்கட்டும் டாக்டர், நல்லதுதான். எங்கயும் லீக் இல்லையே?" என்று கேட்டார் அண்ணன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் அதில் ஒரு சிலிண்டரும் இரண்டு ஹோஸும் சேர்ந்துதான் திரும்பி வரும். பக்கத்து சலூன்காரர் நாற்காலி ஆடுகிறது என்று ஒரு போல்ட் முடுக்கக் கூப்பிட்டார். அண்ணன் அதை ஏறி இறங்குகிற நாற்காலியாக மாற்றினார். ஏறியது. இறங்கத்தான் இல்லை. உட்கார்ந்திருந்தவர் ஃபேன் காற்றை மிக நெருக்கத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சலூன்காரர் ஸ்டூல்மேல் ஏறி நின்று மீதி மீசையை ஒதுக்கி முடித்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில், இவரிடம்தான் என் மாமா எங்கள் லோடரை ஒப்படைத்தார்.

அனுமந்தன்பட்டி ரோட்டில் மாமாவுக்கு எரு வியாபாரம். பள்ளத்தாக்கு முழுக்கச் சாணி வாங்கிக் குவித்து, மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு லாரியில் அனுப்புவார். டிராக்டர் முன்னால் பக்கெட் மாட்டிய பழைய லோடரை ஓட்டுவது என் வேலை. பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கைகளைத் தூக்க, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் உண்டு. பக்கெட்டைக் கவிழ்க்க மட்டும் கயிறு. லாரிக்கு மேலே கொண்டுபோய்க் கயிற்றை இழுத்தால் கொக்கி விடுபடும், மொத்த எருவும் ஒரே போடாக விழும். பாதியில் நிறுத்துகிற பேச்சே கிடையாது. லாரி குதிக்கும். ஓட்டுநர் குதிப்பார்.

ஒருநாள் நான் கயிற்றைத் தொடுவதற்கு முன்பே கொக்கி கழன்றுகொண்டது. கீழே, வெள்ளை வேட்டியில், ஏலத்தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் நின்றிருந்தார். அடுத்த கணம் வேட்டியும் இல்லை, வெள்ளையும் இல்லை. எருக்குவியலில் இரண்டு கண் மட்டும் தெரிந்தன.

"எந்தா இது! இனி ஞான் இங்கன வரமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று அவர் துப்பிக்கொண்டே ஜீப் ஏறினார். அந்தத் தோட்டம் போனால் எங்கள் பிழைப்பே போச்சு. மாமா காலில் விழாத குறையாகக் கெஞ்சி, லோடரைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

பிரஷர் அண்ணன் வந்து கயிற்றைப் பார்த்தார். செத்த பாம்பைத் தூக்குவதுபோல் குச்சியால் தூக்கி எறிந்தார்.

"ஏலே மாப்ள, மாட்டுக்குத்தான்டா கயிறு. மெசினுக்கு எதுக்கு? தூங்குற பிள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி எருவை இறக்கித் தாரேன் பாரு."

எங்கிருந்தோ இரண்டு பழைய சிலிண்டர்களைக் கொண்டுவந்தார். லோடரின் கைக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் வெல்டிங் செய்து பற்றவைத்தார். ஹோஸ் இழுத்து, வால்வு வைத்து, என் கைக்கு எட்டும் இடத்தில் புது லீவர் ஒன்றை நட்டார். நான் லீவரை முன்னால் தள்ளினேன். கவிழவேண்டிய பக்கெட் நிமிர்ந்தது. பின்னால் இழுத்தேன். நிமிரவேண்டியது கவிழ்ந்தது.

"அண்ணே, ஹோஸ் மாறிப்போச்சுண்ணே."

"ஹோஸ் சரியாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் கை மாறிப்போச்சு" என்றார். மாற்றிப் பூட்டினால் தப்புச் செய்ததாக ஆகிவிடுமே! பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, லீவருக்கு முன்னால் 'நிமிர்' என்றும் பின்னால் 'கவிழ்' என்றும் அழகாக எழுதிவிட்டுப் போனார்.

சூப்பர்வைசர் மறுபடி வந்தார். இந்தமுறை கறுப்புக் கால்சட்டை. லாரி பாதி நிறைந்திருந்தது. "மெதுவாச் சாயுமோ? எனக்கு நம்பிக்கையில்லா" என்றார், தூரத்தில் நின்றபடி.

அண்ணனுக்கு பிரஷர் ஏறிவிட்டது. விறுவிறுவென்று போய் வெறும் பக்கெட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏலே, தூக்குடா! என்னையவே சாச்சுக் காட்டு!"

மாமா கும்பிட்டார், நான் கெஞ்சினேன். இறங்கவில்லை. தூக்கினேன். லாரிக்கு மேலே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'கவிழ்' பக்கம் கொஞ்சமாக இழுத்தேன். பக்கெட் பூப்போலச் சாய்ந்து, பாதியில் அப்படியே நின்றது. சூப்பர்வைசரே கைதட்டிவிட்டார். சாய்ந்த கோலத்தில் அண்ணன் மேலே இருந்து எல்லாருக்கும் வணக்கம் வைத்தார்.

"போதும் மாப்ள, நிமுத்து!"

என் மூளைக்கு எழுத்து தெரியும். கைக்குத் தெரியாதே. "முன்னால தள்ளுலே!" என்கிறார் அண்ணன். "பின்னால இழுடா!" என்கிறார் மாமா. சொந்தத் தாய்மாமன் சொல்லைத் தட்டாதவன் நான். இழுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: மெதுவாகத்தான் கவிழ்ந்தது. அண்ணன் சம்மணம் கலையாமல் வழுக்கிக்கொண்டு வந்து, எருவுக்குள் போய், காணாமல் போனார்.

எனக்கு உயிர் போய்விட்டது. லாரிமேல் தாவி ஏறிக் கையால் தோண்டினேன். முதலில் ஒரு காது வந்தது, பிறகு மீசை, பிறகு சிரிப்பு.

"பாத்தீகளா! ஒரு சிராய்ப்பு இல்ல!"

சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆளையே நோகாம இறக்குது. சாணியை இறக்காதோ? நாளைக்கு லோடு அனுப்பு" என்று மாமாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கை நடுக்கம் நிற்கவில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். எருமேலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை என் காதோரம் சொன்னார்: "நீ சரியாத்தான் இழுத்த மாப்ள. ஹோஸை நாந்தான் மாத்திப் பூட்டிட்டேன்."

என் நடுக்கம் அடங்கும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நான் விடவில்லை.