தங்கள் மறைவு குறித்துத் தங்களுக்கே ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்குப் பணிவுடன் எழுதிக்கொள்வது.

எல்லாம் வல்லவன் அருளால் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புவதாகவே இதுவரை தங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்கியிருக்கிறேன். இம்முறை அப்படி எழுதக் கை கூசுகிறது. தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாங்கள் குடியிருக்கும் இந்தத் தெருவில் அதை அறிந்தவர்கள் நானும் என் மகனும் தங்கள் மகளும் மட்டுமே. மற்ற அனைவரும், தாங்கள் சென்ற செவ்வாய்க்கிழமைக்கு முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் நான். பிள்ளையைப் பெற்றவன் பெண்ணைப் பெற்றவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் வழக்கம் நம் இரு குடும்பங்களிலும் இருந்ததில்லை, அடியேன் தொடங்கிவைக்கிறேன்.

தங்கள் மகள் கடலாய்வு நிறுவனத்தில் பார்க்கும் வேலையைத் தாங்கள் அறிவீர்கள். சில வாரங்களுக்கு முன் ஓங்கில் ஒன்று, அதாவது டால்பின், இறந்து கரையொதுங்கிற்று. நிறுவனத்தில் எலும்பு ஊறவைக்கும் தொட்டி விரிசல்விட்டிருந்தபடியால், அதன் தலையை மட்டும் ஒரு நீல நிற டிரம்மில் தண்ணீரோடு இட்டு, எங்கள் வீட்டுப் பால்கனிக்குக் கொண்டுவந்து வைத்தாள். சதை தானாகக் கழன்று மண்டையோடு மிஞ்ச வேண்டுமாம். ஏதோ மீன் என்று எண்ணி நான் அசட்டையாகப் பேச, சாப்பாட்டு மேசையிலேயே எனக்குப் பாடம் நடந்தது.

"மீன் இல்ல மாமா. குட்டிக்குப் பால் கொடுக்கற ஜீவன். இது கரைப் பக்கமே வராத ஜாதி. கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல ஆழமா இருக்கற இடமாப் பார்த்துத்தான் திரியும். நூறு நூறா, சில சமயம் ஆயிரமாக்கூடச் சேர்ந்து போகும்."

"அத்தனை பேர் சேர்ந்து போறாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

"நடுக்கடல்ல பார்க்கறதுக்கு யார் இருக்கா? உலகத்துக்கு இது முதல்ல தெரிஞ்சதே எலும்புக்கூடாத்தான். உயிரோட இருக்கறதை அடையாளம் கண்டுபிடிக்க அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் ஆச்சு. எங்ககிட்ட முழு மண்டையோடு ஒண்ணுகூடக் கிடையாது. இதுதான் முதல் தடவை. வயசான ஆண் வேற. நீங்க மட்டும் அந்த மூடியைத் திறக்காம இருங்க, போதும்."

அதன் உருவத்தையும் அவள் சொன்னாள். குட்டையான மூக்கு, பருத்த உடலுக்குப் பொருந்தாத சின்னஞ்சிறு துடுப்புகள், முகத்தில் தொடங்கி விலா நெடுகக் கரும்பட்டை, யாரோ மைதீட்ட உட்கார்ந்து நிறுத்த மறந்துவிட்டதுபோல. ஆண்டவன் முதன்முதல் எடுத்த அவதாரமே நீரில்தான் என்று நான் சொன்னேன். "அது மீன், மாமா" என்று அவளும், "மறுபடியும் முதல்லேருந்தா" என்று என் மகனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நாளாக ஆக டிரம் தன் இருப்பை மூடிக்கு வெளியிலும் தெரிவிக்கத் தொடங்கிற்று. ஞாயிறுதோறும் கீழ்த்தள மண்டபத்தில் அகத்தூய்மை புறத்தூய்மை பற்றி இந்தக் குடியிருப்பு மக்களுக்கு எடுத்துரைப்பவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், செவ்வாய்க்கிழமை காலை, குடியிருப்புச் செயலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வந்து நின்றார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்கோமே."

"இல்ல, ஒரு தடவை எண்ணிப் பார்த்தீங்களா?"

சம்பந்தி அவர்களே, அந்தக் கேள்வியில் நான் குன்றிப்போனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மூடியைத் திறந்தேன். அடியில் வெள்ளையாய்க் கிடந்த அந்தத் தலை, நெருங்கிய சிறு பற்கள் அத்தனையும் தெரிய, பழைய நண்பரைக் கண்டதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லையில்லாத நீரில் ஆயிரம் சுற்றத்தாரோடு ஓடிய ஓர் உயிர், துணிக்கொடிக்கும் பழைய செருப்புக்கும் நடுவில் ஊறிக்கிடப்பதா என்று மனம் கரைந்தது. எவ்வுயிரையும் தன்னுயிர்போல் கருதச் சொல்லும் நூல்களைப் படித்தவன் நான். அதற்குரிய மரியாதையோடு கடலிலேயே சேர்த்துவிடுவது கடமை என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால் அதில் கருணை பாதி, நாற்றத்தால் வந்த வெட்கம் பாதி. எந்தப் பாதி முந்திற்று என்று கேட்காதீர்கள்.

நீரை வடித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் அதை எழுந்தருளச் செய்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, கையில் ஏந்தி நடந்தேன். தெருநாய்கள் சில, வாலைக்கூட ஆட்டாமல், அடக்கமாகப் பின்தொடர்ந்தன. அலைதடுப்புச் சுவரின் நுனியில் நின்று, ஆன்மா சாந்தியடைய ஓத வேண்டிய துதிகளை முறையாகத் தொடங்கினேன். காலை நடைக்கு வந்த எங்கள் தெருவாசிகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக என் பின்னால் வந்து நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் மட்டும், நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருங்க ஐயா?"

மனித உறவு இல்லை என்று விளக்க அது நேரமில்லை. பொய் சொல்லவும் மனமில்லை. "என் மருமகளுக்கு ரொம்ப வேண்டியவர்" என்றேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

"வயசானவரா?"

"வயசானவர்தான். ரொம்ப தூரத்துலேருந்து வந்தார். இங்க வந்து சேரும்போதே உயிர் இல்ல."

சொல்லிவிட்டு அடுத்த துதியைத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் அவர், "அடடா, உங்க சம்பந்தியா?" என்றார். பாராயணத்தின் நடுவே வேறு வார்த்தை பேசுவதில்லை என்பது என் தந்தையார் எனக்கு வைத்த நியமம். வீடு பற்றி எரிந்தாலும் துதியை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்க வேண்டும். ஆகவே, பொறுங்கள் என்று பொருள்பட வலக்கையை மெல்ல உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டேன். அதை அவர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். நான் கண் திறந்து, பாத்திரத்தைக் கவிழ்த்து, அந்தச் சிரித்த முகத்தை அலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவர் கடை திறக்கப் போய்விட்டிருந்தார். அன்று அந்தக் கடையில் மாத்திரை வாங்கியவர்கள் எல்லாரும் தங்கள் மறைவுச் செய்தியையும் சேர்த்து வாங்கிப் போனார்கள்.

இதுவரை நடந்ததை நியமத்தின் மேல் போட்டுவிடலாம். இனி வருவதை எதன் மேலும் போட வழியில்லை. வீடு திரும்பினால் வாயிலில் செயலாளர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. துக்க வீட்ல வந்து நாத்தம் கீத்தம்னு பேசிட்டேன். நான் எல்லாம் ஒரு மனுஷனா?"

அப்போது பாராயணம் முடிந்திருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். "ஐயா, இறந்தது ஓங்கில், நாறியதும் அதுதான்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பரவாயில்ல, உங்களுக்குத் தெரியாதில்ல" என்பது. நாற்றத்துக்கு நான் தலைகுனிவதைவிடத் தாங்கள் காலமாகிவிடுவது எனக்கு வசதியாக இருந்தது. எழுதும்போதே கூனிக் குறுகுகிறேன்.

தாங்கள் சென்ற முறை வந்திருந்தபோது, பாதி வழியில் நின்றுபோன மின்தூக்கியில் அகப்பட்டுக்கொண்ட அதே செயலாளரைத் தாங்கள்தான் வெளியே எடுத்தீர்கள். மின்தூக்கித் தொழிலிலேயே தலை நரைத்த தங்கள் கைவண்ணத்தை இந்தக் கட்டடம் மறக்கவில்லை. ஆகவே துக்கம் வெறும் மரியாதைக்கு வந்த துக்கமாக இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்த தங்கள் மகளைப் படிக்கட்டிலேயே பெண்கள் கட்டிக்கொண்டு, "அப்பா போயிட்டாராமே, உனக்கு இன்னுமா சொல்லல" என்று அழுதிருக்கிறார்கள். செவ்வாய் மாலை அவள் மூச்சிரைக்கத் தங்களைத் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, நீங்கதானே பேசறீங்க?" என்று கேட்டதும், "பின்ன, உன் மாமனாரா?" என்று தாங்கள் சிரித்ததும், அவள் "சும்மாதான்பா" என்று வைத்ததும் நினைவிருக்கும். பிறகு அவள் பால்கனிக்குப் போனாள்.

"மாமா, டிரம் ஏன் காலியா இருக்கு?"

"அனுப்பி வச்சிட்டேன்மா."

"எங்க?"

"சேர வேண்டிய இடத்துக்கு."

என் மகன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தான். தண்ணீர் ஓடும் சத்தத்தை மீறிக் கேட்டது.

தங்கள் மகள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் படகின் அடிப்பாகம் சுரண்டும் முக்குளிப்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, என்னையும் இடம் காட்டக் கூட்டிப்போனாள். அவர் முதல் முறை மூழ்கி ஒற்றைச் செருப்பையும், அடுத்த முறை குக்கர் மூடியையும் கொண்டுவந்தார். "அலை இழுத்துட்டுப் போயிருக்கும்மா. இந்நேரம் ஆழத்துல கிடக்கும்" என்றார். ஆழம்தானே அதன் வீடு என்று என் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். சம்பந்தி அவர்களே, அவள் சுவரின் விளிம்பில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமல், வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து வரும்போது அவள் சொன்னாள்: "மண்டையோடு போனது போனதுதான். எங்க டைரக்டருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா எங்கப்பா உயிரோட இருக்காருன்னு நீங்கதான் மாமா எல்லார் முன்னாடியும் சொல்லணும். நான் போய்ச் சொல்லமாட்டேன், உங்க பிள்ளையையும் சொல்ல விடமாட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் நான் உங்ககிட்டப் பேசறதா இல்ல." அன்றிலிருந்து பேசவில்லை. சோறு வைக்கிறாள், மாத்திரை எடுத்துவைக்கிறாள், கண்ணாடியைத் துடைத்து வைக்கிறாள்; பேச்சு மட்டும் இல்லை. "மாமா" என்று அழைத்து மூடியைத் திறக்காதீர்கள் என்று அவள் அதட்டிய குரலுக்கு என் காது ஏங்குகிறது. ஊரே என் பேச்சைக் கேட்க, வீட்டில் ஒரு பெண் என்னோடு பேசாமல் இருப்பதுதான் எனக்கு நேர்ந்த தண்டனை. நியாயமான தண்டனை.

வரும் ஞாயிறு மண்டபத்தில் தங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறார்கள். சிறப்புரை அடியேன். அங்கே எழுந்து நின்று, ஒளிக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதென்று உறுதி பூண்டிருக்கிறேன். அதுவரை தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. அடுத்த மாதம் வருவதாக இருந்த பயணத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். வாயிலில் தங்களைக் கண்டால் மாடியிலிருக்கும் மூத்த அம்மையாரின் நெஞ்சு தாங்காது. ஆழ்கடலில் கூட்டம் கூட்டமாக உயிரோடு ஓடிக்கொண்டிருக்க, உலகம் அந்த ஓங்கிலை எலும்பாக மட்டும் அறிந்திருந்ததுபோல, தாங்கள் அங்கே திடமாக நடமாடிக்கொண்டிருக்க, இந்தத் தெரு தங்களைப் படமாக மட்டும் அறியும்படி செய்துவிட்டேன். பொறுத்தருள வேண்டும். தங்கள் மகளிடம் எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவும் வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இக்கடிதத்தை அவர்களிடம் காட்டாமலிருப்பது நலம். தங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைவற்ற ஆரோக்கியத்தையும் இறைவன் அருள வேண்டுமென்று, இதுவரை எக்கடிதத்திலும் வேண்டாத அளவு மனமுருக வேண்டி நிற்கும்,

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை அஞ்சலில் சேர்க்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மேலே எழுதியவற்றைத் தள்ளுபடி செய்துவிடவும். இன்று ஞாயிறு, கூட்டம் முடிந்து இப்போதுதான் மேலே வந்தேன். உறுதியோடுதான் போனேன். மேடையில் தங்கள் படம், நம் பிள்ளைகளின் திருமணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. தோளில் என் கை மட்டும் மிச்சமிருக்கிறது. செயலாளர் பேச வந்து, மின்தூக்கியில் தாம் இருட்டில் நடுங்கியபோது தாங்கள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வேலை செய்ததைச் சொல்லி, மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அடுத்து நான் எழுந்தேன். "அவர் இறக்கவில்லை" என்று தொடங்கினேன். முன்வரிசை முழுவதும் தலையசைத்து அழத் தொடங்கிற்று. இவர்களுக்கு இத்தனை காலம் ஆன்மா அழியாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே, வேறெப்படி எடுத்துக்கொள்வார்கள்? இன்னும் ஒருமுறை, தெளிவாக, பாமரத் தமிழில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த அழுகையைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. பிறரை உயரே அனுப்பிவிட்டுத் தாம் கீழே நின்ற பெருந்தகை என்று தங்களைப் பற்றியே பேசினேன். வெகுநேரம் பேசினேன். பேசப் பேச, எல்லாமே உண்மையாக இருந்ததுதான் எனக்கே வியப்பு. இறங்கி வந்தால் வாசலருகே தங்கள் மகள் நின்றுகொண்டிருந்தாள். பொய்யனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "எங்கப்பாவைப் பத்தி உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை வரணும்னா அவர் சாக வேண்டியிருக்கு, இல்ல மாமா?" என்றாள். பேசிவிட்டாள். கண்ணில் நீரும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எது முந்திற்று என்று நான் கேட்கவில்லை. ஆகவே பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், சொன்ன தேதியிலேயே வாருங்கள். அந்த உரை முழுவதையும் தங்கள் எதிரில் உட்கார்ந்து மறுபடி சொல்ல வேண்டுமென்பது தங்கள் மகளின் தீர்ப்பு. ஒரே ஒரு சங்கடம். கூட்டம் கலையும்போது மருந்துக்கடைக்காரர், தங்கள் பக்கத்து உறவு யாராவது வருவார்களா என்று கேட்டார். வாய் தவறி, தம்பி ஒருவர் வருவார், அச்சு அசல் அவரேதான் என்று சொல்லிவிட்டேன். தாங்கள் மீசையை எடுத்துவிட்டு வந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.