பசுவுக்குக் கண்ணாடி காட்டிய கதை

அப்போதுதான் படித்து முடித்த சொந்தக்காரப் பெண்ணிடம் யாரும் வீடு கட்டும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. இரண்டாயிரத்துகளின் நடுவில் என் மாமா, அக்கா வீட்டுக்காரர், கொடுத்தார். சிவில் முடித்துச் சென்னையில் சில மாதம் வேலை பார்த்திருந்த தைரியத்தில், விருத்தாசலம் வெயிலுக்கு, முன்சுவர் முழுக்க நீலக் கண்ணாடி வைத்து ஒரு வீடு வரைந்தேன். துபாயில் வைத்தால் துபாய் வீடு, சிங்கப்பூரில் வைத்தால் சிங்கப்பூர் வீடு (இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்).

பகலில் உள்ளேயிருந்து பார்த்தால் தெரு தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் முகம்தான் தெரியும்.

கிரகப்பிரவேசத்துக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கலியபெருமாள் தன் பசுவையும் கன்றையும் கொண்டுவந்தார். பசுதான் முதலில் நுழைய வேண்டும். "அதுக்கு முன்னால உள்ள போயிடாதடி" என்று அக்கா எச்சரித்திருந்தாள். எனக்கோ, சனங்கள் என் கண்ணாடியைப் பார்த்து வாய் பிளப்பதை உள்ளே நின்று ரசிக்க ஆசை. பின்வாசல் வழியாக நழுவிப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன்.

யாரும் வாய் பிளக்கவில்லை. பசு மட்டும் பார்த்தது. அதன் கண்ணுக்கு, கண்ணாடியில் இன்னொரு பசு, அதே மஞ்சள் தடவிய கொம்போடு, அதன் கன்றுக்குப் பக்கத்திலேயே நின்றது. எனக்கென்னவோ அது என்னைத்தான் முறைப்பதாகப் பட்டது. அது விட்ட மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. கத்தினேன். வெளியே நாதஸ்வரம். நான் உள்ளே இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

பசு பின்வாங்கியது. அப்பாடா, போகிறது என்று நினைத்தேன். அது தலையைத் தாழ்த்தியது.

"என்னாங்க, மாடு மொறைக்குது" என்றாராம் மாமா.

"அது கொழந்த மாதிரிங்க" என்றாராம் கலியபெருமாள். அதற்குள் கயிறு அவர் கையில் இல்லை.

வானம் இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின.

பசுவுக்கு ஒரு கீறல் இல்லை. உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்து, எதிரியைத் தேடிவிட்டு, கூடத்தில் சாணமும் போட்டுவிட்டு, வாசல் வழியாக மரியாதையாக வெளியேறியதாம். பால் காய்ச்ச வந்த அக்கா, சமையல் மேடைமேல் அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"எறங்குடி, நல்ல நேரம் போவுது."

உடைந்த இடத்தை மாமா செங்கல் வைத்து அடைத்தார். அழகு கெடும் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு வந்த வருஷங்களில் அந்த ரோட்டில் வரிசையாகக் கண்ணாடி வீடுகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல். அக்கா மகளைப் பெண் பார்க்க வேப்பூரிலிருந்து வந்தவர்கள் வழி தெரியாமல் திணறி, ஆட்டோக்காரரிடம் மாமா பேரைச் சொன்னார்களாம். அவர் கொஞ்சம் யோசித்து, "மாடு பூந்த வூடா? ஏறுங்க" என்றாராம்.

கல்யாணப் பத்திரிகையிலும் முகவரிக்குக் கீழே அதையே போடச் சொன்னார் மாமா. அச்சகத்துக்காரர் நல்ல தமிழில் 'மாடு புகுந்த வீடு' என்று திருத்தி அடித்துவிட்டார்.

இன்றைக்கும் அக்கா மகளிடம் யாராவது, "புகுந்த வீடு எப்படிம்மா இருக்குது?" என்று விசாரித்தால், குடும்பமே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது.