பட்டாசு ஆலையில் ஓடிக் காட்டினேன்

பட்டாசு ஆலைக்குள் யாரும் ஓடமாட்டார்கள். ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்த எனக்கு ஒரு நாள் மறந்து தொலைந்தது.

கேமரா முன்னால் எது அசைந்தாலும் கண்டுபிடித்து, அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, போகிற இடமெல்லாம் விடாமல் துரத்தும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன். (பாதி நண்பன் எழுதியது.) அச்சங்குளம் பக்கம் அம்மா வேலை பார்த்த ஆலையில் அவர் தம்பி, என் மாமா, போர்மேன். குடோன் காவலுக்கு ஆகும் என்று முதலாளியிடம் சொல்லி, கேட்டை ஒட்டிய ஆபீஸ் ஜன்னலில் கேமரா வைக்க அனுமதி வாங்கித் தந்தார். எதிரே வரிசையாக வெடிமருந்து அறைகள், அவற்றுக்கு அப்பால் பொட்டல். ஓர் அறையில் அம்மா இருந்தார்.

முதலாளி வந்து உட்கார்ந்தார். வெளியே ஆள் நடமாட்டமே இல்லை. காற்றில் ஆடிய வேப்பமரத்துக்குத்தான் புரோகிராம் கட்டம் கட்டமாகப் போட்டுத் தள்ளியது.

"மரத்துக்கு எதுக்குத் தம்பி காவல்? அது எங்கயும் போயிராதே," என்றார் முதலாளி.

மானம் போயிற்று. நானே ஓடிக் காட்டுகிறேன் என்று வெளியே பாய்ந்து, அறைகளுக்கு முன்னால் தலைதெறிக்க ஓடினேன்.

ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். சத்தமில்லை, கேள்வியில்லை, எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் வெளியே பாய்ந்து பொட்டலுக்கு ஓடினார்கள். அதைப் பார்த்ததும் நானும் பொட்டலுக்குத் திரும்பி ஓடினேன். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்றே நம்பினேன். (என்னைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்பது மண்டையில் உறைக்கவேயில்லை.) எல்லாருக்கும் முன்னால் பொட்டலில் போய் நின்றது நான்தான்.

திரும்பிப் பார்த்தால் எல்லாரும் இருக்கிறார்கள், அம்மாவைக் காணோம். இதோ வெடிக்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கால் நகரவில்லை. அப்படி ஒரு பயத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை.

கடைசியில் ஆபீஸ் பக்கமிருந்து மாமாவோடு அம்மா வந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தவர், அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

முதலாளி கேமராவோடு என்னையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். பதிவான படம் மட்டும் மிஞ்சியது. விருந்தாளி யார் வந்தாலும் மாமா இன்றும் அதைப் போட்டுக் காட்டுகிறார். சிவப்புக் கட்டங்களெல்லாம் பொட்டலைப் பார்த்துச் சிறுத்துக்கொண்டே போகும். ஒன்று மட்டும் கேமராவைப் பார்த்துப் பெரிதாகிக்கொண்டே வரும்.

"ஆபீஸ்ல மகன் இருக்கான்னு திரும்பி ஓடியாராகளே, அது எங்கக்கா," என்பார். "அந்தா, எல்லாருக்கும் முன்னால கொசு கணக்கா போகுது பாருங்க, அதுதான் அவக பெத்த இன்ஜினியரு."