வாரண்டி வாங்கிய வண்டி

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். அதுவும் மாடியிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

வாரண்டி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும். கியரை நியூட்ரலில் போட்டான். ஹேண்ட்பிரேக்கை இறக்கினான். வீடு சரிவான தெருவின் உச்சியில் இருந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பூனை போல நகர்ந்தது.

"சத்தமே கேக்கலையே!" என்றாள் மனைவி மேலிருந்து.

"நல்ல என்ஜின்னா அப்படித்தான்!"

கையசைத்தான். அசைத்த கையை உடனே ஸ்டியரிங்குக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் பாறை மாதிரி இருக்கும். தெருக்கோடியில் இரண்டு கால்களாலும் ஏறி மிதித்து, மரக்கடையை ஒட்டிய காலி இடத்தில் ஒருவழியாக நிறுத்தினான். பூட்டினான். தெரிந்த முகம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பஸ் ஏறினான்.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பிறகுதான் அவனுக்கு பஸ் நேரமெல்லாம் மனப்பாடம் ஆனது.

அவனுக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது. ஆனால் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் பெரிய கடையில், புகார்ப் பிரிவில் அவனுக்கு வேலை. மிக்சியோ ஃபிரிட்ஜோ, யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதல் கேள்வி "வாரண்டி இருக்கா?" என்பதுதான். கல்யாணப் பத்திரிகை நீட்டிய சக ஊழியரிடமும் வாய் தவறி அதையே கேட்டுவைத்தான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் வாரண்டி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான். குறையில்லாத பொருள் கிடையாது. குறை தெரிந்த பொருள், குறை தெரியாத பொருள் என்று இரண்டுதான் உண்டு. முதல் வகையை நம்பலாம். அதனால்தான் பழைய வண்டி விற்பவரின் கொட்டகையில் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்ததும், மற்றவர்கள் கேட்கும் கேள்வி எதையும் அவன் கேட்கவில்லை.

"இந்த மாடல்ல என்ஜினுக்குப் பின்பக்கம் ஒரு பேரிங் இருக்கு. ஒருநாள் திடீர்னு நொறுங்கும். என்ஜினே போயிடும். தெரியுமா?"

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க," என்றார் விற்பவர். "பின்னாடி வேற கஸ்டமர் நிக்கறாங்க."

"கிலோமீட்டர் காட்டுற மீட்டரும் ஓடலை."

"அது… அது போன ஓனர் காலத்திலேயே…"

"ரெண்டு குறையும் தெரிஞ்சுபோச்சு. குடுங்க."

விற்பவர் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் மனம் மாறுவதற்குள் சாவிகள் இரண்டையும் கையில் திணித்தார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மனைவி பிசியோதெரபிஸ்ட். இடுப்பு பிடித்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயிற்சி கொடுப்பவள்.

"நான் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறேன். நீங்க ரெண்டு சீட் வண்டி வாங்கியிருக்கீங்க. அதுவும் எப்ப வேணா படுத்துடும்னு தெரிஞ்சே!"

"அக்கா, மாமாவுக்கு ஆபீஸ்ல ரிப்பேர் பாத்துப் பாத்து பத்தலை. ஒண்ணை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டார்," என்றான் அவள் தம்பி. அக்கா வீட்டில் நடக்கும் எந்தச் சண்டைக்கும் அவன் தாமதமாக வந்தது கிடையாது.

"ஆசைப்பட்டுட்டேன்," என்றான் வாரண்டி. வேறு காரணம் அவனிடம் இல்லை. இதற்குமுன் எதற்கும் அவன் அப்படிச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"மூணு மாசம் பார்ப்போம். வழியில ஒரே ஒரு தடவை நின்னாலும் வித்துடணும். தம்பி, நீ சாட்சி."

"சந்தோஷமா இருக்கேன்க்கா."

அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. வைத்திருந்தவர்களுக்கென்று என்று சொல்வதுதான் சரி. அன்றிரவே சேர்ந்தான். காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான் பேரிங் போகும் என்றார் ஒருவர். சூடு ஏறினால்தான் போகும் என்றார் இன்னொருவர். மெதுவாக ஓட்டினால் போகும், வேகமாக ஓட்டினாலும் போகும், ஒரே வேகத்தில் ஓட்டினால் கட்டாயம் போகும். போவதற்குமுன் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும்.

மறுநாள் ஸ்டார்ட் செய்தான். டிக் டிக் என்றது.

வழியில் நிற்காமலிருக்க ஒரே வழி, வழியில் போகாமலிருப்பது. வாரண்டி அந்த முடிவுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். காலையில் உருட்டிக்கொண்டு கீழே. சாயங்காலம் மட்டும் என்ஜினைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தெரு ஏறி வீட்டு வாசல். நாளைக்கு ஒரு தெரு தூரம். இந்த வேகத்தில் மூன்று மாதத்தைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது வாரம் வண்டி சுட்டது.

சாயங்காலம் பூட்டைத் திறக்குமுன் பாசமாகப் பின்மூடியைத் தடவினான். அந்த மாடலுக்கு என்ஜின் பின்னால்தான். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நாள் முழுக்க நின்ற வண்டி!

மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"ஓடாமலே சூடாகுது."

"எப்படி சார் ஓடாம சூடாகும்?"

"அதைத்தானே உங்களைக் கேக்கறேன்."

"வெயில்ல நிக்குதா?"

வெயிலாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் சுவர் நிழலில் நிறுத்தி, பழைய போர்வை ஒன்றையும் போர்த்திவிட்டுப் போனான். சாயங்காலமும் சுட்டது. போர்த்தினால் சூடு வெளியேறாது என்றது குழு. போர்வையை எடுத்தான். அப்போதும் சுட்டது. இது உள்சூடு, கடைசிக் கட்டம் என்றது குழு. ஒருவர் பூங்கொத்துப் படம்கூட அனுப்பியிருந்தார்.

அடுத்து பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. தெரு ஏற ஒரு மூடி பெட்ரோல் போதும். இங்கே கால் டேங்க் காணாமல் போயிருந்தது. தரையில் படுத்துத் தேடினான். ஒழுகல் இல்லை. சட்டையில் மட்டும் மரத்தூள்.

"திருட்டு," என்றான் மனைவியிடம். "எவனோ ஆபீஸ் பார்க்கிங்ல குழாய் போட்டு உறிஞ்சறான்."

"அப்படியா?" என்றாள் அவள், துணி மடிப்பதை நிறுத்தாமல். "கலிகாலம்."

திருடனுக்குப் பாடம் புகட்ட, டேங்கைக் கிட்டத்தட்ட காலியாக வைத்தான். மறுநாள் சாயங்காலம் முள் பாதிக்குமேல் நின்றது.

உலகத்தில் பெட்ரோல் திருடுகிறவன் உண்டு. போட்டுவிட்டுப் போகிறவன் கிடையாது. ஆக, முள் கெட்டுவிட்டது. வாரண்டிக்கு அது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. மூன்றாவது குறையும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து முள்ளை அவன் மதிக்கவில்லை.

இடையில் வெளியூர்க் கிளைக்கு ஒரு வாரம் போய்வர வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் மரக்கடைக்கு ஓடினான். வண்டி அங்கேயே நின்றது. சாவியைத் திருப்பினான்.

டிக் டிக் வரவில்லை.

மறுபடி அணைத்துப் போட்டான். என்ஜின் தேன் மாதிரி ஓடியது. அவனுக்கு வேர்த்தது. குழுவில் கேட்டான். 'பேச்சு நின்றுவிட்டதா? இனி சில நாள்தான்' என்று பதில் வந்தது. மெக்கானிக்கை நேரிலேயே கூட்டிவந்துவிட்டான்.

"சத்தம் நின்னுடுச்சுங்க."

"நல்லதுதானே சார்."

"எது நல்லது? இத்தனை நாள் பேசிட்டிருந்தது திடீர்னு பேசலைன்னா?"

மெக்கானிக் பின்மூடியை ஒரு சாண் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். தனக்குத் தானே ஒருமுறை சிரித்துக்கொண்டு, டப்பென்று மூடினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை சார். இதை நீங்க தொறக்கவே தொறக்காதீங்க."

"ஏன்?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "காத்து புகுந்துடும்."

வாரண்டி அதற்குப் பிறகு அந்த மூடியின் பக்கமே போகவில்லை. தெரு ஏறும்போது வண்டியோடு பேசுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

மூன்று மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சினனும் வந்தான், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு.

"மாமா, பைனல் எக்ஸாம். ரிங் ரோடு முழுசா ஒரு சுத்து. நிக்காம வந்தா வண்டி உங்களுது. நின்னா நாளைக்கே விளம்பரம் குடுத்துடலாம். நானே குடுக்கறேன்."

"ரிங் ரோடா? தெருவைச் சுத்தினா பத்தாதா?"

"தெருவைச் சுத்த சைக்கிள் போதும் மாமா."

வாரண்டி மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று ஓர் ஆசை. அவள் சொன்னது வேறு.

"பெட்ரோல் இருக்கான்னு பார்த்துக்கோங்க."

"அந்த முள்ளை நம்ப முடியாது. கெட்டுப்போச்சு."

"முள்ளெல்லாம் நல்லாத்தான்…" என்று ஆரம்பித்தவள், அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

ரிங் ரோட்டில் வண்டி பறந்தது. வாரண்டி இதுவரை மூன்றாவது கியரைப் பார்த்ததில்லை. நான்காவதும் ஐந்தாவதும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தன. ஜன்னல் வழியே காற்று முகத்தில் அறைந்தது. இவ்வளவு நாள் இதையா உருட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தான். சத்தமாகச் சிரித்தும்விட்டான்.

"மாமா, முள் கீழே கிடக்குது," என்றான் மச்சினன்.

"அது கிடக்கட்டும் மாப்ளே. பொய் சொல்ற முள்ளு."

மேம்பாலத்தின் நடு உச்சியில் வண்டி ஒரு முறை குலுங்கியது. இன்னொரு முறை குலுங்கியது. பிறகு ஓரமாக உருண்டு நின்றது.

இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, நின்னுடுச்சு."

"நிக்கலை. நிறுத்தியிருக்கேன்."

"நடுப் பாலத்துலயா?"

"காத்து நல்லா வருது."

மச்சினன் அதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான். ஸ்பீக்கரில்.

"அக்கா, நின்னுடுச்சு! நான்தான் சாட்சி!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"எங்க நின்னுச்சு?"

"மேம்பாலத்துல. கட்டி இழுக்கிற வண்டிக்குச் சொல்லிட்டேன். வந்துட்டிருக்கு."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு? யாரையும் கூப்பிடாதே! தள்ளிட்டு வாங்க!"

"ரிங் ரோடு பூராவா?"

"ஆமாம்!"

சிக்னல் போய்விட்டது என்று மச்சினன் போனை உதறினான். அது எதுவும் வாரண்டியின் காதில் ஏறவில்லை. இறங்கிப் பின்னால் போய் நின்றான். மூடியின் மேல் கையை வைத்தான். சூடாக இருந்தது. இந்த முறை காரணம் தெரிந்த சூடு.

எத்தனையோ பேர் செத்துப்போன சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மேஜையில் வைத்திருக்கிறார்கள். 'நேத்துவரைக்கும் நல்லா ஓடிச்சு சார்' என்பார்கள். அவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் பில்லைக் கேட்பான்.

"நல்லா ஓடிச்சு மாப்ளே," என்றான் இப்போது. "பார்த்தேல்ல?"

மச்சினன் கூலிங் கிளாஸைக் கழற்றினான். அவன் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை போலிருந்தது. "மாமா, நான் வேணா எதுவும் பார்க்கலைன்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். வாக்குன்னா வாக்குதான். வித்துடலாம்."

மஞ்சள் விளக்கு சுழல இழுவை வண்டி வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார். சிவப்பு வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நெடுநாள் பழகியவர் போல அதன் கூரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, உள்ளே தலையை விட்டு முள்ளைப் பார்த்தார்.

"பெட்ரோல் இல்லை. அவ்வளவுதான். என்கிட்ட கேன் இருக்கு, ஊத்தறேன்."

"இல்லைங்க," என்றான் வாரண்டி. "முள்ளு கெட்டுப்போச்சு. இது பேரிங். இந்த மாடல்ல தெரிஞ்ச குறைதான். தெரிஞ்சேதான் வாங்கினோம்."

டிரைவர் கேனைத் திறந்துகொண்டே சொன்னார்: "பேரிங்கா? அந்தப் பழைய என்ஜினே போன மாசம் இதே ரோட்டுல நொறுங்கி, நான்தானே சார் கட்டி இழுத்துட்டுப் போனேன், தெரபி அக்கா வேற என்ஜின் போட்டு இப்ப தினம் பேஷண்ட் வீட்டுக்கெல்லாம் இதுலதான் பறக்கறாங்க. இரவல் வாங்கிட்டு வந்த நீங்க ஒரே ஒரு உதவி பண்ணுங்க, வண்டி நின்ன விஷயம் அவங்க வீட்டுக்காரர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது, தெரிஞ்சா மனுஷன் வித்துடுவாராம்!"