எதுக்கு அண்ணன் போடாத கையெழுத்து

அரசாங்கம் என்ற ஒன்று நாளைக் காலை இல்லாமல் போனால் முதலில் பட்டினி கிடக்கப் போகிறவரும், அது இல்லாமல் போக வேண்டும் என்று தினமும் ஆசைப்படுகிறவரும் ஒரே ஆள்தான். விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எதுக்கு அண்ணன்.

கடைக்கு நேர் எதிரே ஓர் அரசு அலுவலகம். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று எதற்குப் போனாலும் மூன்று நகல் கேட்பார்கள். அந்த மூன்று நகலில்தான் அண்ணன் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் ஒரு தாளைக்கூட அவர் கேள்வி கேட்காமல் கண்ணாடியில் கவிழ்த்ததில்லை.

"எதுக்கு?"

"ரேஷன் கார்டுல புள்ள பேரு சேக்கணுங்க."

"புள்ள பொறந்துடுச்சா?"

"பொறந்துடுச்சுங்க."

"அழுவுதா?"

"ராத்திரி பூரா அழுவுதுங்க."

"அப்புறம் அது இருக்குதுன்னு இவங்க இன்னாத்துக்கு ஒத்துக்கணும்?"

கேட்டுக்கொண்டே மூன்று நகலையும் எடுத்து, ஓரம் தட்டி, குண்டூசி குத்திக் கொடுத்துவிடுவார். கடைப் பலகையில் 'ஜெராக்ஸ்' என்று மட்டும் இருக்கும். பெயர் போடவில்லையே என்று கேட்டால், "எம்பேரு எதுக்கு?" என்பார். அப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

விதைக் கம்பெனிக் கிளையில் வேலை பார்த்த ஆறு வருடமும் நான் அந்தக் கடையின் மாடியில்தான் குடியிருந்தேன். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. "சார் எழுதலன்னா செவ்வாக்கிழம வராம போயிடுமா?" என்று ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

செய்தித்தாளை அவர் ஒரு நாள் கழித்துத்தான் படிப்பார். பக்கத்து டீக்கடையில் எல்லோரும் இன்றைய பேப்பருக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் நேற்றையதை மடியில் விரித்திருப்பார். "நேத்து கத்துனது இன்னிக்கும் நெஜமா இருக்குதான்னு பாக்கறேன் சார். பாதி காலைலயே செத்துடுது." டீக்கடையில் டி.வி. விவாதம் ஓடினால் எழுந்து போய் ஒலியை மட்டும் அணைத்துவிட்டு வந்து உட்காருவார். ஆறு பேர் ஒரே நேரத்தில் வாயை அசைப்பார்கள். "இப்ப பாருங்க, எல்லாரும் ஒரே கருத்த சொல்றாங்க" என்பார்.

ஹெல்மெட் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. ஊரில் யாரும் ஹெல்மெட் போடாத நாளிலேயே போட்டுக்கொண்டு பைக் ஓட்டியவர் அவர். போலீஸ் மடக்கிப் பிடிக்கத் தொடங்கிய வாரம், ஒரு புதன்கிழமை, பைக்கை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்கினார். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சைக்கிளில் ஹெல்மெட்டோடு போகிறவரைச் சிக்னலில் நின்ற போலீஸ்காரரே நிறுத்திக் கேட்டார்.

"இன்னா பெரிசு, சைக்கிளுக்கு எதுக்கு ஹெல்மெட்டு?"

"அதான் சார். நீங்க கேக்காத எடத்துல போட்டுக்கினா அது எந்தல. நீங்க கேட்டு போட்டா அது உங்க தல."

தேர்தல் வந்தால் எங்கள் வரிசைக்கே கொண்டாட்டம். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் அண்ணன் ஒரு அச்சடித்த தாளை நீட்டுவார். 'வாக்குக் கோரும் விண்ணப்பம்'. அவரே தயாரித்தது. "ரெண்டு செட்டு, போட்டோ ஒட்டி, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தோட கொண்டாங்க. சனி, ஞாயிறு லீவு. சாப்பாட்டு நேரத்துல வராதீங்க." ஒரு வேட்பாளர் சிரித்தார். ஒருவர் முறைத்தார். மூன்றாமவர் உண்மையிலேயே பூர்த்தி செய்துவிட்டார். அதில் தந்தை பெயர் எழுதவில்லை என்று அண்ணன் திருப்பி அனுப்பினார்.

எங்கள் வரிசையில் கேமரா வைப்பதற்குக் கடைக்காரர் சங்கம் தீர்மானம் போட்டபோது கையெழுத்திடாத ஒரே ஆள் அவர். "என்ன பாக்கணும்னா நேர்ல வரட்டும். டீ வாங்கித் தரேன்." சங்கச் செயலாளர் டீக்கடை பரமசிவத்துக்கு அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கடுப்பு. சங்கத் தாள் எதிலும் அண்ணன் கையெழுத்துப் போட்டது கிடையாது. "கையெழுத்து போட்டா, கேக்க அவங்களுக்கு உரிமை இருக்குதுன்னு நானே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்பது அவர் வாதம்.

இப்படி இருக்கும்போதுதான் தனலட்சுமி வந்தாள்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். வயது முப்பதுக்குள். இருந்த நகையை விற்று ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கிக்கொண்டு, எங்கள் வரிசையின் கடைசியில் காலியாக இருந்த கடையைப் பேசி முடித்திருந்தாள். மெஷினை வண்டியிலிருந்து இறக்கிய பிறகுதான் எங்கள் வரிசையின் வழக்கம் அவளுக்குத் தெரிந்தது. புதுக்கடை போடுகிறவர், ஏற்கெனவே அதே தொழில் செய்கிறவரிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கட்டட உரிமையாளர் சாவி தர மாட்டார். அவரும் சங்கத்தில் ஓர் ஆள்.

உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை உள்ளவரிடம் 'ஆட்சேபணை இல்லை' வாங்க வேண்டும்! வரிசையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"அண்ணே, ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா கடைய தொறந்துடுவேன்."

"தொறம்மா, யாரு வேணாம்னா? எதிர்லயே தொற. உன் கடைய நீ தொறக்க என்கிட்ட கேக்கணுமா? நான் யாரு?"

"நீங்க யாருமில்லதாண்ணே. அத இந்தத் தாள்லயே எழுதிக் குடுத்துடுங்களேன்."

"எழுதுனா நான் யாரோன்னு ஆயிடுமே!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

மெஷின் எங்கள் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. தினமும் காலை பஸ்ஸில் வந்து, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாலை பஸ்ஸில் திரும்பிப் போனாள். அண்ணன் அவளுக்கு டீ சொல்வார். நேற்றைய பேப்பரைப் படிக்கத் தருவார். "எங்கடை பிளக்குலயே மாட்டி ஓட்டிக்கோ" என்றுகூடச் சொன்னார்.

"உங்க கடையில ஒண்டிக்கினு இருக்கவா கழுத்துல இருந்தத வித்தேன்?" என்றாள் அவள்.

ஒரு வாரம் போயிற்று. வரிசையில் பேச்சு மாறிவிட்டது. "வாய் கிழிய சுதந்திரம் பேசுவான். போட்டின்னு வந்ததும் பாத்தியா" என்று பரமசிவம் டீயை ஆற்றிக்கொண்டே சத்தமாகச் சொன்னார். அது அண்ணன் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். ஒரே தாளை நாலு முறை நகல் எடுத்தார்.

வியாழக்கிழமை, மாசி அமாவாசைக்கு முந்தின நாள். மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தனலட்சுமி மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. தார்ப்பாய்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நாளன்னிக்கி வரைக்கும் பாக்கறேன் சார். இல்லன்னா வாங்குன எடத்துலயே குடுத்துட வேண்டியதுதான். பாதி வெலைக்குத்தான் எடுத்துப்பாங்க" என்றாள்.

நான் நேராக அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, சங்கம் அவளைத் தடுக்கலை. நீங்கதான் தடுக்கிறீங்க."

"நானா? அவ கடை போடணும்னு இந்த வரிசைலயே நான் ஒருத்தன்தான் சார் சொல்லிக்கினு இருக்கேன்!"

"உங்க கொள்கை அவ சாவியை வச்சிருக்குண்ணே."

அவர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். கடைக்குள்ளேயே.

சனிக்கிழமை காலை மாடியிலிருந்து இறங்கியபோது அண்ணன் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு வாளி. 'ஜெராக்ஸ்' என்ற எழுத்துகள் மறைந்துகொண்டிருந்தன. கீழே ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை.

"என்னண்ணே இது?"

"ஜெராக்ஸ் தொழில வுட்டுட்டேன் சார். இனிமே அவிச்ச மல்லாட்டை. அதே தொழில் பண்றவன் இந்த வரிசைல இல்ல. இல்லாதவன்கிட்ட எப்படி கையெழுத்து கேப்பாங்க?"

பரமசிவம் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். "யோவ், ஒரு கையெழுத்து போட்டுத் தொலைக்கறதுக்கு முப்பது வருச தொழிலையா வுடுவ? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!"

"எந்தொழிலு. நான் வுடறேன். உனக்கு எதுக்கு?"

மதியத்துக்குள் சாவி தனலட்சுமி கைக்கு வந்துவிட்டது. மெஷினை நாங்கள் நாலு பேர் தூக்கினோம். அண்ணன் ஒரு முனையைப் பிடித்தார், ஹெல்மெட்டோடு.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வரிசைக்குப் பொற்காலம். அண்ணனுக்கு வியாபாரம் சுத்தமாக வரவில்லை. உப்புப் போட மறப்பார். வாங்க வந்தவரிடம் பழக்கத்தில் "எதுக்கு?" என்று கேட்பார். மல்லாட்டை எதுக்கு என்று கேட்டால் யார் என்ன பதில் சொல்வது? நேற்றைய பேப்பரில் பொட்டலம் மடிப்பதை மட்டும் மிகவும் ரசித்துச் செய்தார். "பேப்பருக்கு இதவிட நல்ல வேல கெடையாது சார்." வெறும் கைகளை அவ்வப்போது மூடிக் கிடந்த மெஷின்மேல் வைத்துக்கொண்டு நிற்பார். எதிர் அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தாண்டித் தனலட்சுமி கடைக்குப் போனார்கள்.

பரமசிவமே ஒரு நாள் இறங்கி வந்தார். கடுப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "போதும்பா, பழைய கடையவே நடத்து."

அண்ணன் முகம் மலர்ந்தது.

"ஆனா இப்ப நீ புதுக்கடை. வழக்கம்னு ஒண்ணு இருக்குது. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக்க."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "கேக்க மாட்டேன்" என்றார். மல்லாட்டை மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் போய்த் தனலட்சுமியிடம் சொன்னேன். கடையில் கூட்டம். கையிலிருந்த தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தபடியே மூடியைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். பரமசிவம் படிவத்தை நீட்டினார். அவள் வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

பரமசிவம்தான் முதலில் சிரித்தார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் அதை நீட்டியதாக என் குறிப்பில் இல்லை.

"போண்ணே, போய் மெஷினப் போடு. எங்கடையில கூட்டம் தாங்கல, ஜல்தி" என்றாள் தனலட்சுமி. அண்ணன் எழுந்து போனார். ஹெல்மெட்டை நன்றாக இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டு போனார்.

எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. இங்கே என் வீட்டுக்குக் கீழேயே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சுத்தமான கடை, பேசாமல் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனாலும் மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு தாளை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறிவிடுகிறேன். "ரெண்டு காப்பி" என்பேன். எனக்கு ஒன்று போதும். இரண்டாவது எதுக்கு என்று அவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.