ஒரிஜினலுக்கு ஒன்றும் ஆகாது

மாப்பிள்ளைகளுக்கென்று ஒரு வியாதி உண்டு. மாமியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே 'எனக்குத் தெரியாது' என்பதையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்கள். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் மோட்டாரை முறைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்தது. போதாக்குறைக்கு நான் தஞ்சாவூரில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பேராவூரணிக்குத் தெற்கே இருக்கும் என் மாமியார் ஊரில், மெஷின் என்று ஒன்று வந்தால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். (என் கடை மெஷினில் பேப்பர் சிக்கினாலே நான் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நானாகச் சொல்வேனா?)

எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களில் மாமனார் காலமானார். தோப்பில் தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போட்டோவுக்கு நிற்கிற மனிதர் இல்லை அவர். மாலை போட்டு மாட்டிய படமே, ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியதுதான். அவர் நடந்தும் பேசியும் இருந்த ஒரே இடம் எங்கள் கல்யாண வீடியோ கேசட்டு.

அந்தக் கேசட்டைப் பட்டுக்கோட்டையிலிருந்து வாடகைக்கு டெக் எடுத்து வந்து ஒரே ஒரு தடவை பார்த்திருந்தோம். தாரை வார்க்கிற இடத்தில் மாமா கண் கலங்கி, மூக்கை உறிஞ்சி, துண்டால் முகத்தை மறைத்துக்கொள்வார். அதைப் பார்த்து அத்தை அவரைக் கேலி செய்ததும், அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டதும் நினைவிருக்கிறது. அவர் போன பிறகு அத்தைக்கு அந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் டெக் வாடகைக் கடைகளெல்லாம் மூடியாகிவிட்டது. கேசட்டு, பீரோவில் மாமாவின் பட்டு வேட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

முதல் வருஷத் திதிக்குச் சிங்கப்பூரிலிருந்து மச்சான் வந்தார். என் மனைவி செல்வியின் அண்ணன். அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். அம்மாவின் ஆசையை மனதில் வைத்து ஒரு டிவி வாங்கி வந்திருந்தார். ஒரே பெட்டியில் மூன்று சாமான். திரைக்குக் கீழே கேசட்டு போட ஒரு வாய், அதற்கும் கீழே சிடி போட ஒரு வாய். கூடவே தலையணை கனத்துக்கு ஒரு விளக்கப் புத்தகமும் இருந்தது. மச்சான் அதை என் கையில் கொடுத்து, "நீங்க பாத்துக்கங்க மாப்பிள்ளை" என்றார். நான் அதை டிவி ஆடாமல் இருக்க மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன்.

திதி முடிந்த மறுநாள் காலை டிவியை மேசையில் ஏற்றி, ஆன்டெனா ஒயரையும் செருகினோம். புதுச் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் யார் வீட்டில் சுவிட்ச் போடுகிறார்கள்? மாமா போனதிலிருந்து அத்தை குங்குமம் வைக்கிற காரியத்துக்கெல்லாம் முன்னால் வருவதில்லை. கிண்ணத்தைச் செல்வியிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கதவோரம் நின்று, மாப்பிள்ளையையே வைக்கச் சொல்லு என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிவிக்கு நெற்றி எது என்று பார்த்தேன். திரைக்குக் கீழே நட்ட நடுவில், விரல் நுனி அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு சின்னக் கண்ணாடி பளபளத்தது. பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் விட்டுவைத்த மாதிரி இருந்தது. சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

ரிமோட் வேலை செய்யவில்லை.

சிங்கப்பூர்க் கடையில் நன்றாக வேலை செய்ததாக மச்சான் சொன்னார். இங்கே வோல்டேஜ் வேறு என்று நான் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி ரிமோட்டில் போட்டுப் பார்த்தோம். கடிகாரம் நின்றதுதான் மிச்சம். சரி, டிவியின் முகத்திலேயே பொத்தான்கள் இருக்கின்றனவே, கையாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ரிமோட் வேலை செய்திருந்தால் நாங்கள் நேராகக் கேசட்டைப் போட்டுப் பார்த்திருப்போமோ என்று இப்போதும் சில நாள் தூக்கம் வராமல் யோசிக்கிறேன்.

அத்தை பட்டு வேட்டியைப் பிரித்துக் கேசட்டை எடுத்து வந்தார். உடனே போடச் சொல்லித்தான் கேட்டார். நான்தான் தடுத்தேன். கடைக்குப் பழைய பத்திரம் கொண்டு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது, முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரிஜினலைத் தொடவே வேண்டாம் என்பதுதான். அதையே அத்தைக்கும் சொன்னேன். கேசட்டு பூசணம் பிடிக்கும், சிடி என்றால் காலத்துக்கும் இருக்கும். வாய் ரெண்டும் ஒரே மெஷினில் இருக்கும்போது கவலை என்ன?

"காப்பி எடுக்கறப்ப இதுக்கு ஏதும் ஆயிடாதே மாப்பிள்ளை?" என்று கேட்டார் அத்தை. கேசட்டை அவர் இன்னும் என் கையில் தரவில்லை.

"ஒரிஜினலுக்கு ஒண்ணும் ஆகாது அத்தை" என்றேன்.

மேலே ஒரிஜினலை வைத்து, கீழே வெற்றுத் தாளைச் செருகி, பொத்தானை அமுக்கினால் காப்பி. என் கடையில் நடப்பது அதுதான். மேல் வாயில் கேசட்டைப் போட்டு முதலுக்குச் சுற்றினேன். கீழ் வாயில், பேராவூரணிக்கு ஆள் அனுப்பி வாங்கிய வெற்று சிடியை வைத்தேன். பொத்தான்களில் ஒன்று மட்டும் சிவப்பு. அதை அமுக்கினேன். மெஷின் கேசட்டை வெளியே துப்பியது.

மறுபடி போட்டு அமுக்கினேன். மறுபடியும் துப்பியது. அந்த மெஷினுக்கு அறிவு இருந்தது. கல்யாணத்தின் மேல் வேறெதுவும் பதிய முடியாதபடி கேசட்டின் முதுகில் வீடியோக்காரர் ஒரு பல்லை உடைத்து வைத்திருந்தார்; அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் அது வேண்டாம் வேண்டாம் என்று துப்பியிருக்கிறது. எனக்கோ பாட்டுக் கேசட்டு காலத்து அனுபவம் இருந்தது. பள்ளம் இருந்தால் பதியாது, அதை அடைத்தால் பதியும். எதன் மேல் பதியும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். செலோ டேப் கேட்டு வாங்கி, பல்லால் கடித்து அளவாக வெட்டி, பள்ளத்தின் மேல் நறுவிசாக ஒட்டினேன். மச்சான் அதைப் பார்த்து, படிப்பு படிப்புதான் என்று செல்வியிடம் சொன்னார்.

இந்த முறை சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் மெஷின் சாந்தமாக ஓட ஆரம்பித்தது. திரையில் கல்யாணம் வரவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டிவி நிகழ்ச்சிதான் தொடர்ந்தது. தென்னையில் காண்டாமிருக வண்டு தாக்குதல் பற்றிய வேளாண்மை நிகழ்ச்சி.

"என்ன மாப்பிள்ளை, கல்யாணத்தக் காணோம்?" என்றார் மச்சான்.

"கல்யாணம் உள்ள காப்பியாயிட்டிருக்கு மச்சான். அது முடியற வரைக்கும் நாம சும்மா இருக்கக் கூடாதுன்னு டிவியக் காட்டுது."

இதை நான் சொன்னேன். எந்தத் தயக்கமும் இல்லாமல், ஒரு கையைத் தொடையில் தட்டிச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். தென்னந்தோப்புக்காரர்கள் ஆனதால் ஆர்வமாகவும் பார்த்தார்கள். கம்பியால் குருத்திலிருந்து வண்டைக் குத்தி எடுப்பது எப்படி, வேப்பங்கொட்டைத் தூளை மணலில் கலந்து மட்டை இடுக்கில் போடுவது எப்படி என்று ஒரு அலுவலர் விளக்கினார். நம்ம வடக்குத் தோப்பில் இதுதான் இருக்கிறது என்றார் அத்தை. அது முடிந்து உர விளம்பரம், வானிலை, மறுபடி ஏதோ ஒரு பேட்டி. யாரும் கிட்டே போகக் கூடாது என்று நான் காவலுக்கு வேறு உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் போனது. எங்கள் பக்கத்துக் கரண்ட் கட்டை நான் திட்டாமல் இருந்த நாளில்லை. அன்றைக்கு மட்டும் அது கடவுள் மாதிரி வந்தது என்று பிறகுதான் புரிந்தது.

சாப்பிட்டு முடித்த பின் கரண்ட் வந்தது. சிடியைச் சுழல விட்டேன். அதில் எதுவும் இல்லை. பரவாயில்லை, ஒரிஜினலையே பார்த்துவிடலாம் என்று சொல்லிக் கேசட்டைச் சுற்றிப் போட்டேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரைக்கு நேரே தரையில் வந்து உட்கார்ந்தார். திரையில் ஒருவர் தென்னை மரத்தின் மேல் கம்பியோடு உட்கார்ந்திருந்தார்.

இது டிவி, கேசட்டு இன்னும் வரவில்லை என்றேன். செல்விதான் மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க, இது காலையில காட்டுன வண்டுங்க."

வேகமாக ஓட்டும் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். மாப்பிள்ளை அழைப்பு இருந்த இடத்தில் வண்டு. நலுங்கு இருந்த இடத்தில் வேப்பங்கொட்டை. நான் தாலி கட்டிய இடத்தில் உர விளம்பரம். மாமா தாரை வார்த்து அழுத இடத்தில், வடகடலோர மாவட்டங்களில் லேசான மழை. யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை; இன்னும் கொஞ்சம் ஓடினால் அவர் வந்துவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குச் சாக வேண்டும் போல இருந்ததை வேடிக்கையாகச் சொல்ல இன்னும் எனக்கு வரவில்லை.

திரை ஒரு தடவை உதறியது. கரண்ட் போன இடம். பேட்டி பாதியில் அறுந்து, பந்தி வந்தது.

நீள வரிசையாக வாழை இலைகள். வீடியோ வெளிச்சம் பட்டு எல்லோரும் குனிந்து சாப்பிடுகிறார்கள். வரிசையின் கோடியிலிருந்து, தோளில் துண்டோடு, கையில் சாம்பார் வாளியோடு மாமா வந்தார். வெளிச்சம் கூசி, கையை நெற்றிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"என்னைய ஏம்பா எடுக்குற? போயி மாப்பிள்ளைய எடு."

அவ்வளவுதான். வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்து மறைந்துவிட்டார். கேசட்டில் மிச்சமிருந்த மாமா இவ்வளவே.

அத்தை தவழ்ந்து போய்த் திரையில் கை வைத்தார். மச்சான் அவரைப் பிடிக்கப் போனவர், அம்மாவின் முந்தானை சந்தனத்தில் பட்டதைப் பார்த்துப் பொட்டைத் துண்டால் துடைத்தார். ஏதோ தோன்றி ரிமோட்டை எடுத்து அமுக்கினார். வேலை செய்தது. பிறகு அதை எனக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடுப்பா" என்றார் அத்தை. அன்று பொழுது சாயும்வரை மாமா சாம்பார் வாளியோடு வந்துகொண்டே இருந்தார்.

மச்சான் சிங்கப்பூருக்குத் திரும்பும் முன், அந்தக் கேசட்டை முறையாகச் சிடியாக்க அத்தையைக் கூட்டிக்கொண்டு பட்டுக்கோட்டை ஸ்டுடியோவுக்குப் போனார். கேசட்டை நான் சுமக்க அனுமதி இல்லை, பின்னால் நடந்தேன். ஸ்டுடியோக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, முன்னால் இருக்கிற வண்டு, மழையெல்லாம் வெட்டிவிடலாமா என்று கேட்டார். நான் அவசரமாகத் தலையாட்டினேன். அத்தை வேண்டாம் என்றார்.

"இருக்கட்டுங்க. அவரு வீட்டுக்கு என்னைக்கு நேரத்துக்கு வந்தாரு? தோப்ப எல்லாம் பாத்துட்டுத்தான் வருவாரு."

அதனால் இன்றைக்கும் ஒவ்வொரு திதிக்கும் சாப்பாடு முடிந்ததும் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து காண்டாமிருக வண்டு நிகழ்ச்சியை முழுசாகப் பார்க்கிறது. வேகமாக ஓட்ட அத்தை விடுவதில்லை. கல்யாண நாளன்று சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணும் மச்சான், முதலில் வண்டு சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்வார். என் மகளுக்குத் தன் அப்பா அம்மா தாலி கட்டிக்கொண்டதற்குச் சாட்சி கிடையாது; ஆனால் வேப்பங்கொட்டைத் தூளை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கடையில் யாராவது தயங்கித் தயங்கிப் பத்திரத்தை நீட்டினால், ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. பேசாமல் வாங்கி, ரெண்டு கையாலும் பிடித்து வைக்கிறேன்.

பந்தி வரும்போது மட்டும் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். மாமா வருவார், கையால் வெளிச்சத்தை மறைப்பார், மாப்பிள்ளையை எடுக்கச் சொல்வார். உடனே அத்தை திரும்பி என்னைப் பார்த்து, வருஷா வருஷம் அதையே சொல்வார்.

"உங்களத்தான் எடுக்கச் சொன்னாரு மாப்பிள்ளை. நீங்கதான் உங்களையே அழிச்சிட்டீங்க."